ரப்பர் படகும் அம்மாவின் தூக்குச் சட்டியும்

எனக்குத் தண்ணீரில் கண்டம் என்று எழுதிக் கொடுத்தவர் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி. நான் பிறந்து பதினாறாம் நாள் ஜாதகம் கணித்தாராம். முப்பத்தைந்து வயது முடிவதற்குள் தண்ணீரால் என் உயிருக்கு ஆபத்து, அதைத் தாண்டிவிட்டால் ஆயுசு கெட்டி என்று சொல்லிவிட்டு, தட்சிணையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். அந்த ஒரு வரியைத் தலையில் சுமந்துகொண்டு திரிந்தது என் அம்மாதான்.

மலாக்காவில் அலோர் காஜா பக்கம் ஒரு கித்தா, அதாவது ரப்பர், தோட்டத்தில் அம்மா மரத்தில் பால் வெட்டினார். தோட்டத்து ஆலைக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் அதில் விழுந்து புரள, நான் மட்டும் காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்று அவர்கள் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். பள்ளியில் கோலா சுங்கை பாரு கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். அதற்கு முதல் நாளே அம்மா பள்ளிக்கு வந்து ஆசிரியையை மிரட்டிவிட்டுப் போயிருந்தார். அன்று முழுவதும் அந்த ஆசிரியை என் மணிக்கட்டை விடவே இல்லை. காலில் செருப்போடு கடலைப் பார்த்துவிட்டு வந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு அப்போதே கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அம்மாவிடம் பேசவில்லை.

இப்படி வளர்ந்த நான் ஆற்றில் பிழைப்பு நடத்தினேன் என்றால் யாரும் முதலில் நம்புவதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் மலாக்கா டவுனில் ஒரு பயணச்சீட்டுக் கடையில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். பாச்சாங்கில் வாடகை வீடு. கணவர் லாரி ஓட்டினார். ஒரே மகள், அப்போது மூன்று வயது. எங்கள் கடையில் வழக்கமாக டிக்கெட் எடுக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார், ஏதோ தொழிற்சாலையில் இன்ஜினியர். வேலை முடிந்து ஊருக்குத் திரும்பப்போவதாகவும், தன்னிடம் இரண்டு ரப்பர் படகுகள் இருப்பதாகவும், வாங்குவதற்கு ஆள் உண்டா என்றும் ஒரு நாள் கேட்டார். காற்றடைத்து, பாயும் ஆற்றில் துடுப்புப் போட்டுப் போகிற கயாக். அதை நான் வீட்டில் வந்து வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். மறுநாள் என் வீட்டுக்காரர் போய் இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். என் வாய்தான் எனக்கு எதிரி.

மடித்தால் அரிசி மூட்டை அளவு. காலால் மிதிக்கும் பம்ப்பில் பத்து நிமிடம் மிதித்தால் இரண்டு பேர் உட்காரும் நீளப் படகாகிவிடும். அடித்தளத்தில் துளைகள் இருந்தன. ஓட்டைப் படகை நம்மவர் தலையில் கட்டிவிட்டான் வெள்ளைக்காரன் என்று நான் கத்தினேன். உள்ளே அடிக்கும் தண்ணீர் தானாக வெளியேறத்தான் அந்தத் துளைகள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த இன்ஜினியர் ஊருக்குப் போவதற்கு முன்பு என் வீட்டுக்காரரை இரண்டு முறை ஆற்றுக்கு அழைத்துப் போனார். எங்கள் மலாக்கா ஆறு ஓடுவதற்கே சோம்பல்படும். பாய்கிற தண்ணீர் வேண்டுமென்றால் வேனில் வடக்கே மூன்று மணி நேரம், மலையடிவாரத்துக்குப் போக வேண்டும். மூன்றாவது முறை நானும் போனேன், இந்தப் பைத்தியத்தை அங்கேயே நிறுத்திவிட்டு வரலாம் என்று. காலையில் கரையில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மதியம் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு படகில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் என்ன நடந்தது என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வெயிலும் காரணமாக இருக்கலாம். இரண்டு பாறைக்கு நடுவில் படகு மூக்கைக் கவிழ்த்தபோது துடுப்பை விட்டுவிட்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். கீழே அமைதியான தண்ணீரில் போய் நின்றபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு வயதில், என் பயத்தை முதல் முறையாக நானே பட்டு, நானே கடந்து வந்திருந்தேன். அதுவரை எனக்கும் சேர்த்து அம்மாதான் பயந்துகொண்டிருந்தார்.

திரும்பி வரும் வழியிலேயே தொழில் பேச ஆரம்பித்துவிட்டோம். கோட்டையும் மியூசியமும் பார்த்த பிறகு வேறென்ன இருக்கிறது என்று கவுண்டரில் என்னைக் கேட்காத ஆளில்லை. தொழிற்சாலைகளோ வருடத்துக்கொரு முறை ஊழியர்களை எங்கேயாவது அழைத்துப் போக இடம் தேடிக்கொண்டிருந்தன. மலாக்காவில் ஏரியில் துடுப்புப் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பது, பிறகு வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஆற்றில் இறக்குவது. சிங்கப்பூர்க் கடை ஒன்றின் மூலம் இன்னும் இரண்டு படகு வரவழைத்தோம். நான் வேலையை விட்டேன்.

அம்மாவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. அப்பா இறந்த பிறகு அவர் தோட்டத்தில் என் தம்பியோடு இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொன்னேன். அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். கத்துவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. சுவாமிப் படத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"நீ அந்தத் தண்ணியில எறங்குறதுன்னா எறங்கு. ஆனா உன் வீட்டுல நான் இனிமே ஒரு வா சோறு திங்க மாட்டேன். பச்சத் தண்ணிகூட வேணாம்."

"திங்காட்டிப் போங்க," என்றேன். அப்படித்தான் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து அம்மா பாச்சாங் வீட்டுக்கு வந்தார். அலோர் காஜா வந்து பஸ் மாறி, கையில் மூன்றடுக்குத் தூக்குச் சட்டியோடும் ஒரு புட்டித் தண்ணீரோடும் வந்தார். பேத்தியைக் குளிப்பாட்டினார். என் சட்டியில் இருந்த சோற்றைப் பிசைந்து தன் கையால் அவளுக்கு ஊட்டினார். பிறகு கையைக் கழுவிவிட்டு, மூலையில் உட்கார்ந்து தன் தூக்குச் சட்டியைத் திறந்து சாப்பிட்டார். வழக்கமான கோபம், ஒரு மாதத்தில் இறங்கிவிடும் என்று நினைத்தேன். என் அம்மாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

நான் நகராட்சி நீச்சல் குளத்தில் டீ-சட்டையும் சிலுவார் என்கிற நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு, ஏழு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று நீந்தப் பழகினேன். என் வீட்டுக்காரர் வேனைத் தேடிப் பிடித்தார். முதல் கூட்டம் கிடைத்தது, ஒரு தொழிற்சாலையிலிருந்து எட்டுப் பேர். நான்கு படகு, எட்டு ஆள், கணக்குச் சரி. சனிக்கிழமை பயணம்.

வெள்ளிக்கிழமை காலையில்தான் அந்தக் கூத்து நடந்தது. புது வண்டி வாங்கினால் பூசை போடாமல் ரோட்டில் இறக்குவோமா? படகுக்கும் போட வேண்டும் என்றார் வீட்டுக்காரர். நான்கையும் காற்றடித்து வாசலில் வரிசையாக வைத்தோம். மஞ்சள், குங்குமம், மூக்குக்கு ஒரு மாலை. டயருக்கு அடியில் வைக்கிற எலுமிச்சம்பழத்தைப் படகுக்கு எங்கே வைப்பது என்று நாங்கள் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தபோது அம்மாவும் தூக்குச் சட்டியோடு வந்து சேர்ந்தார். லாரிக்காரர் பழக்கம் விடுமா? வீட்டுக்காரர் முதல் படகின் முன்பக்கத்தில் ஒரு வெற்றிலையை வைத்து, அதன் மேல் கட்டிச் சூடத்தை ஏற்றி, கண்ணை மூடிக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். இரும்பு பம்பருக்கும் ரப்பருக்கும் வித்தியாசம் தெரியாத இரண்டு பேர் தொழில் தொடங்கியிருக்கிறோம்.

முதலில் நாற்றம் வந்தது. பிறகு புஸ்ஸென்று ஒரு சத்தம். நான் கண்ணைத் திறந்தபோது படகின் மூக்கு மாலையோடு மெல்லத் தரையில் சாய்ந்துகொண்டிருந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐம்பது காசு அளவு ஓட்டை, சுற்றிலும் கருகிப் போயிருந்தது. நாளைக்கு வரும் எட்டுப் பேரில் எந்த இரண்டு பேரை வேண்டாம் என்று சொல்வது? அதைவிட, பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தார். இதைவிடப் பெரிய சகுனம் வேண்டுமா? "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற வார்த்தைக்காக முதுகை விறைத்துக்கொண்டு நின்றேன்.

அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தார். ஒட்டுப் போட என்ன இருக்கிறது என்று கேட்டார். இருபத்தைந்து வருடம் சைக்கிளில் பால் வெட்டுக்குப் போனவர், டியூபுக்கு ஒட்டுப் போட ஒரு நாளும் கடைக்குப் போனதில்லை. வெள்ளைக்காரர் விட்டுப்போன பெட்டியிலிருந்து துண்டையும் பசையையும் எடுத்துக் கொடுத்தேன். கருகியதைக் கத்தரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னரில் துடைத்து, பசையை இரண்டு முறை தடவிக் காயவிட்டு, துண்டை ஒரே அழுத்தாக அழுத்தினார். என்னைச் சமையலறைக்கு அனுப்பி அம்மிக்கல்லை எடுத்து வரச் சொல்லி அதன் மேல் வைத்தார். இவ்வளவும் செய்தவர் என்னை ஒரு முறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒனக்காக ஒட்டலடி," என்றார். "நாளைக்கு ஊரான் பிள்ளைங்க இதுல உக்காரப் போவுதுங்க."

அன்று இரவு எங்கள் வீட்டில் தங்கினார். விடிவதற்கு முன் எழுந்து காற்றடித்து, ஒட்டின் மேல் சவர்க்கார நுரையைத் தடவி, காற்று முட்டை விடுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு முட்டைகூட வரவில்லை. போகலாம் என்று கையைக் காட்டினார். அவசரத்தில் பம்ப்பைத் தேடி அவர் பையைத் தூக்கியபோது, தூக்குச் சட்டிக்கு அடியில் மஞ்சள் துணியில் ஏதோ முடிந்து வைத்திருந்ததைப் பார்த்தேன். பஸ்ஸுக்குச் சில்லறை என்று நினைத்துக்கொண்டேன். வேனில் ஏறும்போது பசியாற இட்லி வைத்திருக்கிறேன், தின்றுவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினேன். தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று.

தொழில் பிடித்துக்கொண்டது. அந்த எட்டுப் பேர் போய் இருபது பேரிடம் சொன்னார்கள். நான்கு படகு ஆறாகி, பத்தாகி, இரண்டாவது வேனும் வந்தது. வந்தவர்களில் பாதி தொழிற்சாலைப் பெண்கள், என்னைப் போலவே தோட்டத்தில் பிறந்து தண்ணீரைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள். ஏரியில் பெரிய வீரம் பேசிவிட்டு, ஆற்றில் முதல் சரிவிலேயே ஊரில் உள்ள எல்லா மாரியம்மாவையும் கூப்பிடுவார்கள். தண்ணீர் பாறைகளில் விழுந்து ஓடும் பாய்ச்சலுக்கெல்லாம் நாங்களே பெயர் வைத்தோம். இருப்பதிலேயே பெரியதற்கு, தோட்டத்தில் ஆட்களை விரட்டி வேலை வாங்குபவரை நினைத்து, கங்காணி என்று பெயர். யார் போனாலும் இரண்டு அடி வாங்காமல் தாண்ட முடியாது. படகு ஏறும் இடத்தில் கடை வைத்திருந்த மலாய்க்காரர் ஒருவர், மாமா என்கிற அர்த்தத்தில் பாக்சிக் என்று கூப்பிடுவோம், மேலே மலையில் மழை பெய்தால் பாச்சாங்குக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவார். அவர் வேண்டாம் என்று சொன்ன ஒரு நாளும் நாங்கள் இறங்கியதில்லை. அவருக்கு நான் பட்ட கடன் காசில் அடங்காது.

அந்தக் கங்காணியில் ஒரு முறை நானே மாட்டிக்கொண்டேன். படகு பாறையில் மோதிக் கவிழ்ந்து, நான் அடியில் போய்விட்டேன். மேலே வர வேண்டிய லைஃப் ஜாக்கெட்டைப் படகு அமுக்கிக்கொண்டிருந்தது. எத்தனை நொடி என்று தெரியாது. மகள் முகம் வந்தது, அம்மா முகம் வந்தது. பூசாரி முகமும் வந்தது, அந்த நேரத்திலும் அவர் மேல் எரிச்சல் வந்தது. காலை உதைத்தேன், படகு நகர்ந்தது, தண்ணீர் என்னைத் தூக்கிக் கீழே எறிந்துவிட்டது. உயிர் போய் உயிர் வந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. படகுக்கு அடியில் மாட்டினால் எந்தப் பக்கம் உதைக்க வேண்டும் என்று அன்றிலிருந்து எல்லோருக்கும் முதலில் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை வந்தபோது மொட்டை போட்டிருந்தார். தோட்டத்துக் கோயிலில் ஏதோ நேர்த்திக்கடனாம். எதற்கு என்று நானும் கேட்கவில்லை. அப்போது எனக்குக் கேட்பதற்கு நேரம் ஏது லா?

ஆனால் தூக்குச் சட்டி மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம். லைஃப் ஜாக்கெட்டுகளைத் துவைத்துக் காயப்போடுவார், கிழிந்த வார்களைத் தைப்பார், படகுக்கு ஒட்டு என்றால் அவர்தான். மாதத்துக்கு இரண்டு முறை வருவார், ஒரு பருக்கை என் வீட்டில் தொடமாட்டார். ஒரு தீபாவளிக்கு வீடு நிறைய ஆட்கள். நான் விடியற்காலையிலிருந்து நின்று ஆக்கிய ஆட்டுக்கறி மணக்க மணக்க இருக்கிறது. அம்மா எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மூலையில் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறந்து தயிர்ச்சோறு சாப்பிடுகிறார். மாமியார் வீட்டுச் சொந்தங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

"உங்க சோத்த நீங்களே தூக்கிட்டு வந்து திங்கறதுக்கு இங்க எதுக்கு வர்றீங்க? என்னை அசிங்கப்படுத்தவா?" எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

அம்மா தூக்குச் சட்டியை மூடினார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. பேத்தி கன்னத்தைத் தடவிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். இரண்டு வாரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போலத் திரும்ப வந்தார், தூக்குச் சட்டியோடு.

பிறகு பக்கத்து நாட்டுக் காடுகள் எரிந்து புகைமூட்டம் வந்த வருடம். எதிர் வீடு தெரியவில்லை, ஆறு எங்கே தெரியப்போகிறது. வாரக் கணக்கில் படகுகள் மடித்தபடியே கிடந்தன. புகை விலகுவதற்குள் ரிங்கிட்டின் மதிப்பு விழுந்து, தொழிற்சாலைகள் ஊழியர்களை வெளியே அழைத்துப் போவதை நிறுத்தின. ஒரு வேனை விற்றோம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது சிங்கப்பூர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். நம் காசு விழுந்தது அவர்களுக்கு லாபம், அவர்கள் வந்தது எங்களுக்குப் பிழைப்பு. விற்றது போக மிச்சமிருந்த வேன் மறுபடி ஓடியது.

அந்தச் சமயத்தில்தான், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வாசலில் அம்மா வந்து நின்றார். நான் படகு கழுவிக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று மாறியிருப்பது தெரிந்தது, என்னவென்று பிடிபடவில்லை. செருப்பைக் கழற்றினார், காலைக் கழுவினார், நேராகச் சமையலறைக்குப் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பசிக்குதுடி. என்னா ஆக்கி வச்சிருக்க?"

அப்போதுதான் கவனித்தேன், அவர் கை வெறுமையாக இருந்தது. தூக்குச் சட்டி இல்லை. தண்ணீர்ப் புட்டியும் இல்லை.

தட்டைக் கழுவி அவர் முன்னால் வைத்தேன். அன்றைக்கென்று வெறும் ரசமும் நெத்திலிப் பொரியலும்தான். சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றினேன். முதல் கவளத்தை உருட்டியவர், வாயில் வைப்பதற்கு முன் சொன்னார்.

"நேத்தோட ஒனக்கு முப்பத்தஞ்சு முடிஞ்சிருச்சு. காலையிலயே கோயில்ல போயி முடிச்ச அவுத்துக் காச உண்டியல்ல போட்டுட்டு வர்றேன்."

மஞ்சள் துணி. பஸ் சில்லறை என்று நான் நினைத்த முடிச்சு. நான் ஆற்றுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய அதே ஞாயிற்றுக்கிழமை, அம்மா மாரியம்மனிடம் போய்க் காசை முடிந்து வைத்திருக்கிறார். மகள் கண்டம் தாண்டும் வரை மகள் வீட்டுச் சோறும் தண்ணீரும் எனக்கு வேண்டாம், அவளை மட்டும் கரை சேர்த்துவிடு என்று. ஒருவருக்குப் பிடித்ததைத்தானே விட்டுக்கொடுக்க முடியும்? வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது. அதனால் கோபக்காரி என்று நான் நினைத்ததை அப்படியே நினைக்க விட்டுவிட்டார். தீபாவளியன்று பாதிச் சோற்றோடு எழுந்து போனபோதும் வாயைத் திறக்கவில்லை.

"ஏம்மா ஒரு வார்த்த சொல்லல?" என்று கேட்டேன். அழுகையில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை.

"சொன்னா நீ சண்ட போட்டு என்னைய திங்க வச்சிருப்ப. ஒன்னைய எனக்குத் தெரியாதா?"

அது உண்மைதான். ஜாதகத்தை நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. என்னைக் காப்பாற்றியது லைஃப் ஜாக்கெட்டும் என் காலும்தான் என்று யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அத்தனை வருடம் என் பங்குப் பயத்தையும் சேர்த்து ஒருத்தி பட்டுக்கொண்டிருந்ததால்தான் நான் அந்த ஆற்றில் சிரித்துக்கொண்டு இறங்க முடிந்தது. அது எனக்கு அன்று அந்தச் சமையலறைத் தரையில்தான் விளங்கியது.

அம்மா கவளத்தை வாயில் வைத்தார். மென்றார். முகத்தைச் சுளித்தார்.

"உப்பு தூக்கலா இருக்கு. இவ்ளோ வருசமா மாப்பிள்ளைக்கு இப்படித்தான் ஆக்கிப் போட்டியா?"

பிறகு தலை நிமிராமலே சாப்பிட்டார், தட்டு காலியாகும் வரை. காலியானதும் என் பக்கம் நகர்த்தினார்.

"இத்தன நாளு நான் பாத்துக்கிட்டேன்," என்றார். "இனிமே நீயே பாத்துக்க. இன்னுங் கொஞ்சம் சோறு போடு."